நாற்றம் நின்ற குழி

என் பக்கத்து வீட்டுச் சரளா ஈர ஆட்டுத்தோலைப் பலகையில் விரித்து, தொங்கும் ஓரங்களைக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். பீன்யா தொழிற்பேட்டைக்கு அப்பால் உள்ள தோல் பதனிடும் ஷெட்டில் அதுதான் அவள் வேலை. பக்கத்திலிருந்த கழிவுநீர்க் குழியை ரோமம் அடைத்திருந்தது. போதாக்குறைக்கு, ரோமம் நீக்கச் சல்பைடு கலந்த சுண்ணாம்பு டிரம்மின் நீரையும் ஆசிட் டிரம்மின் நீரையும் அன்று ஒன்றாகத் திறந்துவிட்டிருந்தார்கள். இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும். ஷெட் முழுவதும் அழுகிய முட்டை நாற்றம்.

அவள் கொழுந்தன் நாகேஷ் மூங்கில் ஏணியைக் குழியில் இறக்கிவிட்டு, குனிந்து பார்த்தான்.

"நாத்தமே போயிடுச்சு அண்ணி. எறங்கி அள்ளிடுறேன்."

"எப்பப் போச்சு?"

"இப்பதான். டக்குனு நின்னுடுச்சு."

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். முன்பு ஒருமுறை அவளுக்கும் நாற்றம் இப்படித்தான் நின்றது. கண் விழித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

ஏணியில் ஒரு கால் வைத்திருந்தவனைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன அண்ணி, போலீஸ் மாதிரி!"

"காலர விட்டா அப்புறம் பொணமா கால புடிச்சு இழுக்கணும்டா."

மேஸ்திரி உமேஷ் கத்தினார். "குழி அடைச்சிருந்தா தண்ணி வடியாது, டிரம்முல தோல் ஊறுதும்மா! கெட்டுப்போனா நீ பதில் சொல்வியா?"

சரளா கையிலிருந்த பச்சைத்தோல் துண்டை நாகேஷின் மூக்கில் வைத்தாள். தள்ளி நின்ற உமேஷே முகம் சுளித்தார்.

"என்ன நாத்தம், சொல்லு."

நாகேஷ் இழுத்து மோந்தான். மறுபடியும் மோந்தான். முகம் வெளுத்தது.

"ஒண்ணும் வரலையே அண்ணி..."

நின்றது நாற்றம் அல்ல, அவன் மூக்கு.

"சரி, மோட்டார் வச்சு ராஜகாலுவேல விட்டுடலாம்" என்றார் உமேஷ்.

"அந்தக் கால்வாய் எங்க வீட்டுப் பின்னாடிதான் ஓடுது. இங்க சாகாதவங்க அங்க சாகவா? லாரிய கூப்பிடுங்க."

ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, நாகேஷை இழுத்துக்கொண்டு எங்கள் சந்துக்கு வந்துவிட்டாள். சந்தில் கைவைத்தியம் பார்க்கும் நான் அவன் கண்ணையும் மூச்சையும் பார்த்தேன். தலைவலி, கண்ணெரிச்சல். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் நாகேஷ் தேறிவிட்டதைப் பார்த்துவிட்டு, சரளா வெறுங்கையோடு வேலைக்குப் போனாள்.

"ஏணி எங்கம்மா?"

"துணி காயப் போட்டிருக்கேன் மேஸ்திரி."

வேறு வழியில்லாமல் உமேஷ் கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைத்தார். சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது என்று டிரைவர் வாயால் கேட்ட பிறகே சரளா நகர்ந்தாள். பிறகு ஆசிட் டிரம்மிலிருந்து குழிக்கு வரும் வாய்க்காலைச் செங்கல் வைத்து அடைத்து, அந்த நீரைத் தனித் தொட்டிக்குத் திருப்பினாள்.