தொட்டி நிறைய இழுக்கிற வண்டி

தொட்டியில் தண்ணீர் நிரப்பாமல் என் கேரவன் எங்கள் தெருமுனையைத் தாண்டியதில்லை. பதினோரு வருஷமாக அதுதான் பழக்கம். இழுத்துக்கொண்டிருந்த பழைய டீசல் வண்டி போன ஆடியில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அடுத்து எதை வாங்குவது, டீசலா கேஸா என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. எங்கே சுற்றினாலும் அது அந்தத் தொட்டியில் வந்துதான் முட்டியது.

கேரவன் என்றதும் ஹீரோக்கள் உட்காருகிற ஏசி பஸ்ஸை நினைக்க வேண்டாம். என்னுடையது இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தகர அறை. தானாக நகராது, முன்னால் ஒரு வண்டி கொக்கி மாட்டி இழுக்க வேண்டும். உள்ளே பாதி இடம் துணி மாற்ற. ஆள் உயரக் கண்ணாடி, ஆணி வரிசை, ஒரு பெஞ்சு. மீதி பாதியில் கக்கூஸும் கை கழுவுகிற இடமும். பெஞ்சுக்கு அடியில் ஐந்நூறு லிட்டர் தொட்டி. ஷூட்டிங்கில் கூட்டத்தில் நிற்கிற பெண்களுக்கும் பின்வரிசையில் ஆடுகிற பெண்களுக்கும் என்று நான் பட்டறையில் கூடவே நின்று அடித்து வாங்கியது.

நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவள்தான். கல்யாண வீடு, கோயில் திருவிழா, சாவு வீடு, எல்லாவற்றிலும் நின்றிருக்கிறேன். எங்களுக்கு அறை என்று ஒன்று கிடையாது. நாலு பேர் நாலு புடவையை விரித்துப் பிடிப்பார்கள், நடுவில் நின்று மாற்றிக்கொள்ள வேண்டும். காற்றடித்தால் அவ்வளவுதான். அடையாறில் ஒரு பங்களாவில், எனக்கு மாதவிலக்கு ஆகியிருந்த சமயம், பின்வாசலில் போய் அங்கே வேலை செய்த அம்மாவிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செடிக்கு ஊற்றுகிற குழாயைக் கையால் காட்டினாள். லைட்மேன்கள் எல்லாம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த இடம் அது. அன்றோடு சரி. தண்ணீர் கேட்டு ஒருத்தர் வாசலிலும் நான் நின்றதில்லை.

என் மகள் தரமணியில் கம்ப்யூட்டர் ஆபீஸில் இருந்தவள். அதை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டாள். புக்கிங், ஃபோன், ரோட்டில் எங்கே பள்ளம் என்று பார்ப்பது எல்லாம் அவள். அவளுக்குக் கேஸ் வண்டிதான் வேண்டும். ரொம்ப நாளாக எங்களுக்கு ஓட்டுகிறவர் ஒருத்தர் இருக்கிறார், மகளுக்கு மாமா மாதிரி. அவருக்கு டீசல்தான்.

"கேஸ்ல புகையே வராதும்மா. போன தடவ காயப்போட்ட பாவாடை எல்லாம் கரி. அந்தப் பொண்ணுங்க என்ன பேச்சு பேசுச்சுங்க?"

"பாப்பா, கேஸுக்கு தம் கிடையாது. டீசல்னா கீழ் கியர்லயே தம் கட்டி இழுக்கும். கேஸு கத்திக்கினே இருக்கும், ஏறாது."

"நீங்க பார்த்ததெல்லாம் பழைய கேஸ் வண்டி மாமா."

"ஆமா, நானும் பழசு, நான் பார்த்த வண்டியும் பழசு. உங்கம்மா மட்டும்தான் புதுசு."

நான் சிரிக்கவில்லை. புகை விஷயத்தில் மகள் சொன்னது நிஜம். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

புரோக்கர் ஒருத்தர் இரண்டு வண்டி வைத்திருந்தார், இரண்டும் ஒரு கை மாறினது. கேஸ் வண்டிக்குப் பின்னால் ஏற்கெனவே கொக்கி இருந்தது. ஒரு தாளை நீட்டி, "ஒன்றரை டன் தாங்கும்மா. எழுதியே இருக்கு பாருங்க" என்றார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். எண் உடனே தெரியும். பார்த்தேன்.

"தாங்கும்னா, மேல ஏத்தினா தாங்கும். நான் பின்னாடி மாட்டி இழுக்கணும். அது எங்க எழுதியிருக்கு?"

"அதுவும் இதுவும் ஒண்ணுதாம்மா."

ஒன்றில்லை. குடத்தைத் தலையில் வைத்து நடந்திருக்கிறேன். தள்ளுவண்டியைக் கையால் இழுத்து மேடு ஏறியும் இருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் என் முட்டிக்குத் தெரியும். ஆனால் அவர் கேரவனை மாட்டி கே.கே. நகரை இரண்டு சுற்று சுற்றிக் காட்டினார். சத்தமில்லை, புகையில்லை. மகள் என்னைப் பார்த்தாள்.

"தொட்டி காலியா இருக்கு" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். காலியா கொண்டுபோய் அங்க நிரப்பிக்கலாம். ஐந்நூறு லிட்டர்னா அரை டன். எதுக்கும்மா தண்ணிய ஊர்வலம் விடுற?"

"அங்க யாருகிட்ட கேப்ப?"

"கேட்டா குடுப்பாங்க."

"கேக்கணும் இல்ல?"

அடையாறு கதை மகளுக்குத் தெரியும், நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டில் டான்ஸ் ஷூட்டிங். முப்பது பெண்கள். பழைய வண்டி படுத்த அன்று இதே கம்பெனியின் ஷூட்டிங்குக்கு நாங்கள் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு புரொடக்ஷன் மேனேஜர் ஃபோனில் சொல்லிவிட்டார்: "எட்டு மணிக்கு வண்டி நிக்கணும்மா. இன்னொரு வாட்டி லேட்டுன்னா கேரவனே வேணாம். புடவையப் பிடிச்சு மாத்திக்கட்டும். அந்தக் காலத்துல மாத்திக்கலையா?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கேஸ் வண்டியை எடுத்து ஓட்டிப் பாருங்கள் என்றார் புரோக்கர். சரி, ஆனால் தொட்டி நிறையத்தான் கிளம்புவேன் என்றேன். முந்தின நாள் கேஸ் போடப் போன டிரைவர் பங்க் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து, "யக்கா, ரேசன் கடை தேவலாம்" என்றார்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அவர் ஓட்ட, நடுவில் மகள், ஜன்னல் பக்கம் நான். என் காலடியில் சக்கரத்துக்கு அடை கொடுக்கிற இரண்டு மரக்கட்டை. சப்வே வழியாகப் போனால் கேரவன் தலை இடிக்கும். அதனால் எப்போதும் கோடம்பாக்கம் பாலம்தான்.

பாலத்தில் ஏறும்போதே இன்ஜின் சத்தம் மாறியது. மூச்சு வாங்குகிற மாதிரி. அவர் கியரைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். ஏறிக்கொண்டுதான் இருந்தது. மகள் விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். பாதி மேடு தாண்டியதும் முன்னால் போன பஸ் நின்றது. மெட்ரோ வேலைக்கு வந்த கிரேன் ஒன்று உச்சியில் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. நாங்களும் நின்றோம்.

"நிக்கக் கூடாத இடத்துல நின்னுட்டோம்" என்றார் அவர், மெதுவாக.

கிரேன் விலகியது. பஸ் போனது. அவர் கிளட்ச்சை விட, வண்டி ஒரு உதறு உதறி அப்படியே நின்றது. மறுபடி. கருகின வாசனை வந்தது. மூன்றாவது தடவை முன்னால் போகாமல் ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. கேரவன் எங்களைக் கீழே இழுப்பது முதுகில் தெரிந்தது. பின்னால் ஒரு ஸ்கூல் வேன், முழுக்கப் பிள்ளைகள்.

"யக்கா, ஹேண்ட் பிரேக் நிக்கல. ரெண்டு காலும் பிரேக்குல கீது. எறங்கி கட்டைய வையி."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முட்டிவலி எல்லாம் அப்புறம்தான் நினைவு வந்தது. ஒரு கட்டையைக் கேரவனின் இந்தப் பக்கச் சக்கரத்துக்கும் இன்னொன்றை அந்தப் பக்கத்துக்கும் வைத்து, காலால் உதைத்து இறுக்கினேன். மகள் ஓடிவந்து ஸ்கூல் வேனைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினாள். அதற்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் அத்தனை ஆட்டோவும். ஹாரன் காதைக் கிழித்தது.

"அம்மா, தண்ணிய விட்டுரலாம்."

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றேன்.

"அம்மா, மணி ஏழு பத்து. வேற வண்டி வர்றதுக்குள்ள எட்டு தாண்டிரும். அப்புறம் அவங்களுக்கு ரூமே கிடையாது. நான் தொறக்கறேன்."

"நீ தொடாத."

குனிந்து நானே தொட்டியின் அடி வால்வைத் திறந்தேன். தண்ணீர் பாலத்தின் சரிவில் இறங்கி ஸ்கூல் வேன் சக்கரத்தை நனைத்துக்கொண்டு ஓடியது. நல்ல தண்ணீர். விடியற்காலையில் நான் ஃபில்டர் துணி கட்டிப் பிடித்தது.

பக்கத்தில் ஊர்ந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னா ஆயா, பாலத்துக்கு தலைக்கு ஊத்துறியா? வெள்ளிக்கெழம அதுவுமா!"

"உனக்கும் ஊத்தறேன், எறங்கு" என்றேன். பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள்.

பாதி போனதும் மூடினேன். இது போதும், பாதியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். "எடு தம்பி." வண்டி உறுமியது. கட்டை கிரீச்சிட்டது. ஏறவில்லை. அவர் ஜன்னல் வழியாக என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி திறந்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் விட்டேன். அப்புறம் ஏறியது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

மயிலாப்பூர் போய்ச் சேர எட்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "பரவால்லியே" என்றார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். துணி மாற்றிக்கொண்டார்கள். கண்ணாடி இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது. குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது.

மகள் லாரித் தண்ணீருக்கு ஃபோன் போட்டாள். பத்தரைக்கு முன்னால் முடியாது என்றார்கள். ஷூட்டிங் வீட்டுக் காவல்காரர், "ஹால் மட்டும்தான் வாடகைக்கு, குழாய் கணக்குல இல்ல" என்றார். எதிர்வீட்டுக்கு நான்தான் போனேன். மகளை அனுப்பியிருக்கலாம். என்னால் கொட்டினது, நானே போகலாம் என்று போனேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமி கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். என் வயசு இருக்கும். நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன வேணும், சொல்லுங்கோ."

"கொஞ்சம் தண்ணி."

"குடிக்கவா?"

"இல்ல. பொண்ணுங்களுக்கு. முப்பது பேரு."

"முப்பது பேரா? சம்புத் தொட்டில அவ்வளவு இருக்காதே. ஆத்துல மோட்டாரும் ரிப்பேரா கிடக்கு. ரெண்டு பக்கெட் எடுத்துண்டு போங்கோ, தப்பா நெனச்சுக்காதீங்கோ."

அவரே உள்ளே போய் இரண்டு பக்கெட்டையும் நிரப்பி, ஒன்றை வாசல்வரை தூக்கிக்கொண்டும் வந்தார். நன்றாகத்தான் கொடுத்தார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த ரோட்டைத் தாண்டி வருகிற வரைக்கும் நான் தலை நிமிரவில்லை.

"பாத்தியா, குடுத்தாங்க இல்ல?" என்றாள் மகள்.

நான் பதில் சொல்வதற்குள், ஆட வந்த பெண் ஒருத்தி கக்கூஸ் கதவுக்கிட்ட வந்து நின்றாள். ஒரு கையில் காகிதத்தில் சுற்றின பொட்டலம், இன்னொரு கை அடிவயிற்றில்.

"தண்ணி இருக்காக்கா?" என்று மகளிடம் கேட்டாள்.

"ரெண்டு பக்கெட் இருக்கு. லாரி பத்தரைக்கு மேலதான்."

அவள் திரும்பி, பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். "அப்ப இவங்க எல்லாம் போயிட்டு வரட்டும். நான் லாரி வந்தப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் கூப்பிட்டுப் பார்த்தாள், வரவில்லை. பாட்டு போட்டார்கள். ஆடினாள். கடைசி வரிசையில் இடது ஓரம். லாரி வந்தபோது பதினொன்று. அதுவரைக்கும் மகள் கேரவன் படியில் உட்கார்ந்து அந்த இடது ஓரத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் அவளே புரோக்கருக்குப் பேசினாள். "அண்ணே, அந்த டீசல் வண்டி இருக்கா? அதுக்கும் ஒரு கொக்கி அடிக்கச் சொல்லுங்க."

திங்கட்கிழமை டீசல் வண்டியில் கேரவனை மாட்டி, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, அதே பாலத்துக்குப் போனோம். பாதி மேட்டில், "நிறுத்து தம்பி" என்றேன்.

"யக்கா, நல்லாத்தானே போய்க்கினு கீது?"

"நிறுத்துன்னா நிறுத்து."

நிறுத்தினார். ஹாரன்கள் ஆரம்பித்தன. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டையை நான் மடியிலேயே வைத்திருந்தேன். அவர் கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு நொடி கனத்தது. பின்னால் தொட்டியில் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது. கொக்கி டக்கென்று இறுகியது. நகர்ந்தோம். உச்சி தாண்டிய பிறகுதான் கட்டையைக் காலடியில் வைத்தேன்.

கீழே இறங்கி ஓரமாக நிறுத்தினார். கொஞ்சம் புகை இருக்கத்தான் செய்தது. மகள் மூக்கைச் சுருக்கினாள், ஆனால் சொல்லிக்காட்டவில்லை.

"ஒரு விசயம் யக்கா" என்றார் அவர். "இந்த வண்டிக்கு டீசலு மட்டும் பத்தாது. பொகைய சுத்தம் பண்ண யூரியா தண்ணின்னு ஒண்ணு தனியா ஊத்தணும். அது தீந்துதுன்னா ஸ்டார்ட்டே ஆவாது."

மகள் சிரித்தாள், அந்த வாரத்தில் முதல் தடவையாக. "கேட்டியாம்மா? உனக்கு ஏத்த வண்டிதான். அதுக்கும் தண்ணி வேணுமாம்."

"ரெண்டு கேனா வாங்கி சீட்டுக்குப் பின்னாடி வை" என்றேன். "வழியில யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாது."