கன்னொறுவையில் உரத்த குரலில்

என் கணவருக்குக் காது கேட்காது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெஷின்களுக்கு நடுவே இருபத்தாறு வருஷம் நின்றவர். வலது காது முழுதாகவே போய்விட்டது. இடது காதில், பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ விழும். வேலையை விட்டுக் கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டைக்கு வந்தபிறகு சரித்திரப் புத்தகங்களைத் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தார். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "கன்னொறுவைக்குப் போவோமா? போர்த்துக்கேயன் தோத்த இடம். இவ்வளவு கிட்ட இருந்துகிட்டு இன்னும் பாக்கல" என்றார்.

நான் தயங்கினேன். இவரோடு வெளியே போவதென்றால் நாலு பேர் நடுவில் தமிழில் கத்த வேண்டும்.

யுத்த காலத்தில் ஒருநாள் நாங்கள் கண்டிக்கு வந்த பஸ்ஸை சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஒரு சிப்பாய் இவருக்குப் பின்னால் நின்று அடையாள அட்டை கேட்டிருக்கிறான். இவருக்குக் கேட்கவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பியதும் பதறிப்போய், "என்னா? என்னா?" என்று தமிழில் கத்திவிட்டார். இறக்கிக்கொண்டு போனார்கள். நானும் பின்னால் இறங்கினேன். பின்னேரம் வரை அவரை வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள். காது கேட்காது என்பதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு அப்போது தெரியாது. என் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அவர் வாயே திறக்கமாட்டார். அவசரமென்றால் அவர் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவேன்.

யுத்தம் முடிந்தும் தமிழை அடக்கிப் பேசும் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. சிங்களம் பழகியபிறகு, பேராதனை ஆஸ்பத்திரியில் நோயாளர்களுக்குத் துண்டுச் சீட்டு எழுதிப் பெயர் கூப்பிடும் வேலை எனக்குக் கிடைத்தது. சிங்களத்தில் பெயர் கூப்பிட்டால் மண்டபம் முழுக்கக் கேட்கும். தமிழில் கூப்பிடும்போது குரல் தானாக இறங்கிவிடும். ஒருநாள் ஒரு தமிழ் அம்மா தன் பெயர் கேட்காமல் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு என்மேலேயே எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

எப்படியோ புறப்பட்டோம். நினைவுச்சின்னத்தடியில் எங்களுக்கு முன்பே ஒரு வேன் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களை அழைத்து வந்த வெள்ளைத் தாடிக்காரர் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியராம். கண்டியை எரித்துவிட்டுத் திரும்பிய போர்த்துக்கேயப் படையை அரசனின் ஆட்கள் இங்கே சுற்றி வளைத்த கதையைச் சிங்களத்தில் அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

இவர் ஆசையாகக் கேட்டு வந்த இடத்திலும் உள்ளங்கையில் எழுதுவதா? இவருடைய இடது காதுப் பக்கம் போய் நின்றேன். ஆசிரியர் மூச்சு விடும் இடைவெளிகளில், ஒவ்வொரு வாக்கியமாக உரக்கத் தமிழில் சொன்னேன்.

மூன்றாவது வாக்கியத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் திரும்பினார். "கொஞ்சம் நிறுத்துங்கள். இது எங்கள் வீரர்கள் விழுந்த இடம். இங்கே வந்து தமிழில் கத்துகிறீர்களே" என்றார் சிங்களத்தில்.

எனக்கு அந்தச் சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வந்தது. அதே நேரம் இவர், ஒன்றும் கேட்காதவராக, தம் முழுக் குரலில், "நம்ம ஆளுங்க யாராச்சும் இங்க சண்டை போட்டாங்களான்னு கேளு!" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிவப்புச் சட்டைக்காரருக்கு முதலில் பதில் சொன்னேன். "இவருக்குக் காது கேட்காது. இவருக்குத் தெரிந்த மொழியில், இவருக்குக் கேட்கும் சத்தத்தில்தான் சொல்வேன். நிறுத்தமாட்டேன்." ஆஸ்பத்திரி மண்டபத்தில் சிங்களத்தில் பெயர் கூப்பிடும் அதே குரலில், சிங்களத்திலேயே சொன்னேன். பிறகு ஆசிரியரிடம், தமிழ் ஆட்கள் யாராவது இங்கே சண்டை போட்டார்களா என்று கேட்டேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "கண்டி அரசர்களின் படைகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். போர்த்துக்கேயர் பக்கம் நின்றவர்களிலும் பெரும்பாலானோர் இந்த நாட்டவர்கள்தான். பொய் சொல்ல முடியாதே" என்றார்.

சிவப்புச் சட்டைக்காரர் எதையோ முணுமுணுத்தபடி வேன் பக்கம் போனார். அவரோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். எங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. ஆசிரியர் மட்டும் அதன்பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார்.

கதை முடிந்து புல்லில் உட்கார்ந்தபோது இவர் கேட்டார். "அந்த செவப்புச் சட்டை ஏதோ சொன்னாரே, என்னாது?"

சொன்னேன். மறைக்கவில்லை.

"நீ என்னா சொன்ன?"

"நிறுத்தமாட்டேன்னு சொன்னேங்க."

 அவர் கையை ஊன்றி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"அப்ப வா. போர்த்துக்கேயன் பீரங்கிய எந்தப் பக்கம் வச்சிருந்தான்னு இன்னும் கேக்கலையே."

ஆசிரியர் வேனில் ஏறப்போய்க்கொண்டிருந்தார். சிவப்புச் சட்டைக்காரர் கதவடியில் நின்றார். நான் எழுந்து, "சேர், ஒரு நிமிஷம்!" என்று கூப்பிட்டபடி அவர்களை நோக்கி நடந்தேன்.