டாக்டரம்மாவின் முகம் வெளியே போன நாள்

அன்று காலை லைன் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேனேஜர் மாஸ்க் கூடப் போடாமல் பெயிண்டிங் ஹாலுக்குள் வந்தார்.

"கம்ப்ரஸரை ஆஃப் பண்ணுங்க மேடம். எல்லாரையும் போனை எடுத்து டேபிள் மேல வைக்கச் சொல்லுங்க."

பெயிண்ட் ஸ்ப்ரேக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரஸர் நின்றதும் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிரஷ் பிடித்த கைகள் அப்படியே நின்றன. நான் அந்த லைனின் சூப்பர்வைசர். எனக்கே ஒன்றும் புரியவில்லை.

உத்திரமேரூருக்கு வெளியே இருந்த எங்கள் யூனிட்டில் ஏற்றுமதிக்குப் பொம்மை செய்தோம். ஒரு வெளிநாட்டு டிவி தொடரில் வருகிறவர்களின் உருவங்கள். விண்வெளிக் கப்பலில் நடக்கிற கதை என்ற அளவுக்குத்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு சாண் உயரம், கை கால் கழுத்தெல்லாம் மடங்கும். குழந்தைகள் விளையாட இல்லை. பெரியவர்கள் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஷோகேஸில் வைத்துக்கொள்வார்களாம். அதனால் கண்ணில் ஒரு புள்ளி விலகினாலும் ரிஜெக்ட். பொம்மைகளின் பெயரை ஆபீஸ் எங்களுக்குச் சொன்னதில்லை, மாடல் நம்பர் மட்டும்தான். பெண்களே ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டார்கள். மொட்டை, பூனைக்கண்ணு, டாக்டரம்மா.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்துத் தன் போனைக் காட்டினார். படத்தில் டாக்டரம்மா இருந்தாள். பாதி முகம் சாதாரணப் பெண், மறுபாதியில் தோல் உரிந்து உள்ளே வெள்ளிக் கம்பிகள்.

"அந்த டாக்டர் மனுஷி இல்ல, மெஷின். அதுதான் மேடம் கதையில பெரிய ரகசியம். இன்னும் டிவியில வரவே இல்ல. அதுக்குள்ள இந்தப் போட்டோ உலகம் பூராப் போயிடுச்சு. சாயந்திரம் ஆர்டர் குடுத்த பையர் வீடியோ கால்ல வராங்க. அதுக்குள்ள யாருன்னு தெரியலைன்னா ஆர்டரையே வேற யூனிட்டுக்கு மாத்திடுவாங்க."

நான் அவர் பேச்சைப் பாதிதான் கேட்டேன். படத்தில் பொம்மையைப் பிடித்திருந்த கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு. அது அமுலுவின் விரல். முகம் எழுதுவதில் லைனிலேயே அவள்தான் கெட்டிக்காரி. மானாம்பதிப் பக்கத்திலிருந்து எங்கள் வேனில் வருகிறவள்.

போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவளைச் சொன்னால் அவள் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் வேனில் வருகிற அத்தனை பேர் பிழைப்பும் போகும். அவளோ எதுவும் தெரியாமல் பக்கத்தில் இருந்தவளிடம், "இன்னாடி, யாராவது எதனா எடுத்துக்கினு போயிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைக் குழாயடிக்கு அழைத்துப் போனேன்.

"அமுலு, டாக்டரம்மாவைப் போட்டோ எடுத்தியா?"

"ஆமாக்கா. ஸ்டேட்டஸ் வெச்சேன். எங்க அம்மாவுக்கு நான் இன்னா வேலை செய்யறேன்னே தெரியாது. கம்பெனியில சாயம் பூசறான்னு சொல்லிக்கினு கீது. இந்த மூஞ்சி நல்லா வந்துச்சா, அதான் காட்டலாம்னு…" பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கா இவ்ளோ பேஜாரு?"

பிறகுதான் தெரிந்தது, அவள் தம்பியோடு காலேஜில் படிக்கிற யாரோ அந்தத் தொடரின் ரசிகனாம். ஸ்டேட்டஸைப் பார்த்து படத்தை எடுத்து நெட்டில் போட்டுவிட்டான். நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் சோற்று டப்பாவை மூடிவிட்டாள்.

"நான் வூட்டுக்குப் போயிடறேன்க்கா. இனிமே வரல. என்னால மத்தவங்க வேலை போவக் கூடாது."

"ஓடிப்போனா திருடின மாதிரி ஆயிடும். நீ எதையும் திருடலை. என்கூட வா."

அவளை மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பெரிய நிம்மதி.

"அப்ப இவளை அனுப்பிடலாம் மேடம். ஆளைத் தூக்கிட்டோம்னு சொன்னா முடிஞ்சிது."

"முடியாது சார். லைன்ல போன் பேசக்கூடாதுன்னுதான் நாம சொல்லியிருக்கோம். இது ரகசியம்னு யாரும் சொல்லலை. இவளை அனுப்பினா அடுத்த பொம்மையை வேற ஒருத்தி எடுப்பா. வீடியோ கால்ல இவளே பேசட்டும்."

அவர் மறுத்தார். நான் அறையை விட்டு நகரவில்லை. கடைசியில், "ஆர்டர் போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்றார். அன்று முழுக்க அந்தச் சொல் என் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

சாயந்திரம் திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. அமுலு எழுந்து நின்று, அம்மாவுக்குக் காட்ட எடுத்ததைச் சொன்னாள். மேனேஜர் இங்கிலீஷில் சொன்னார். அந்தப் பெண்மணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த டாக்டர் யாரென்று உனக்குத் தெரியுமா?

"தெரியாதும்மா. மூஞ்சி மட்டும்தான் தெரியும்."

அந்தப் பதிலில் அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் இளகியது. கதையைச் சுருக்கமாகச் சொன்னார். கப்பலில் எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கிறவள், ஒரு விபத்தில் முகம் கிழிந்தபோதுதான் தான் மனுஷி இல்லை என்று அவளுக்கே தெரியவருகிறது. அமுலு கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, அதுக்கே தெரியாதா? முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் கண்ணை வேற மாதிரி எழுதியிருப்பேனே."

மேனேஜர் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பெண்மணி முதல் முறையாகச் சிரித்தார்.

ஆளும் காரணமும் தெரிந்துவிட்டதால் ஆர்டர் எங்களிடமே தங்கியது. ஆனால் எல்லாம் நல்லபடி முடிந்ததென்று சொல்ல மாட்டேன். அமுலுவை முகம் எழுதும் வேலையிலிருந்து எடுத்து, பொம்மைகளின் பூட்ஸுக்குப் பெயிண்ட் அடிக்க மாற்றினார்கள். வேனில் சில பேர் அவளோடு பல நாள் பேசவில்லை. ஒவ்வொரு முறை மேனேஜரின் போன் அடிக்கும்போதும் அவள் தலை நிமிர்ந்து பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். முகத்துக்கு அவளைத் திரும்பக் கொண்டுவர நான் பலமுறை ஆபீஸ் படியேற வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு புது மாடல் வரும்போதெல்லாம், ஆபீஸில் விவரம் கேட்டுவந்து, பிரஷ் எடுக்கும் முன் லைனை உட்காரவைத்து, இவர் யார், கதையில் என்ன ஆகிறார், எதை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். ஆபீஸுக்கு முதலில் அது பிடிக்கவில்லை, வேலை நேரம் வீணாகிறது என்றார்கள். லைனை மேற்பார்வை பார்க்கப் புதிதாக வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூட்டும் கேமராவும் வாங்குவதற்கு முன், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அதைச் செய்கிறவர்களிடம் சொல்லுங்கள். எங்கள் லைனிலிருந்து அப்புறம் ஒரு படமும் வெளியே போகவில்லை.