டயரின் உள்ளோரம்

கல்லல் ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில், கருத்தையா வீட்டு வண்டி காலையில் கிளம்ப வேண்டுமென்றால் முதலில் கருத்தையா கிளம்ப வேண்டும். கட்டிலை விட்டு எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே வாசலுக்கு வந்து, காருக்குப் பக்கத்தில் குந்துவார். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒரு இழுப்பு, உள்ளேயிருந்து வெளியே ஒரு இழுப்பு. போகும்போது வழுவழுவென்று போய்த் திரும்பும்போது அரம் மாதிரி கையை அறுத்தால், சக்கரம் கோணிக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. எல்லாவற்றையும் தடவி முடித்து, "போயிட்டு வாத்தா" என்று அவர் சொன்ன பிறகுதான் மகள் சண்முகப்ரியா சாவியைத் திருகுவாள்.

பார்வை போன பிறகு வந்த பழக்கமில்லை இது. கண் இருந்த காலத்திலேயே அவர் அப்படித்தான். ஆசாரி வீட்டில் பிறந்து, இழைத்த பலகையைத் தடவிப் பார்த்து வளர்ந்த கை. டிரைவர் ஆன பிறகும் அது சும்மா இருக்கவில்லை. "நின்னு பாத்தா டயரு நல்லாத்தான் தெரியும். உள்ளோரத்துல கைய விட்டாத்தான் அதோட லட்சணம் தெரியும்" என்பார். பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு காரைக்குடி, கீழச்சிவல்பட்டி என்று சுற்றிய மனிதர். நடுவில் சர்க்கரை வந்தது. மாத்திரையைப் போட்டும் போடாமலும் காலத்தைத் தள்ளினார். அது இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த மகள் வண்டியை எடுத்தாள். பொம்பளைப் பிள்ளை வாடகைக் கார் ஓட்டுவதா என்று ஊர் பேசியது. பேசினவர்கள் யாரும் வந்து உலை வைத்துத் தரவில்லை.

ஆக, அந்த வீட்டில் கருத்தையாவுக்கென்று மிச்சமிருந்தது காலையில் டயர் பார்க்கிற வேலை ஒன்றுதான். மற்றதெல்லாம் அவருக்கு அடுத்தவர் செய்வது.

மாசி மாதத்தில் ஒருநாள் டீ கிளாஸைக் கையில் வாங்கியவர், "ஆறிப்போச்சேத்தா" என்றார்.

"இப்பத்தானப்பா எறக்குனேன். ஆவி பறக்குது, பாத்துக் குடிங்க."

அவர் கிளாஸை மறு கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்தார்; அதிலும் சூடு தெரியவில்லை. கண்ணோடு விட்டுவிடும் என்று நினைத்திருந்த சர்க்கரை இப்போது கைக்கு வந்திருக்கிறது. முதலில் விரல் நுனி மரத்தது, பிறகு உள்ளங்கை. மகளிடம் சொல்லியிருக்க வேண்டும்தான். சொன்னால், நீங்க பேசாம படுங்கப்பா என்றுவிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து பாவி மனுசன் கமுக்கமாக இருந்தார்.

அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். அவள் குளிக்கப் போகிற நேரத்தில் வாசலுக்கு வந்து டயரில் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். கன்னத்தில் இன்னும் உணர்ச்சி இருந்தது. அவள் வந்து நிற்கும்போது பேருக்குக் கையால் தடவுவார். ஆனால் கன்னம் உள்ளோரம் வரை எட்டாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பெற்ற பிள்ளையை அனுப்பினாரே, அதைத்தான் என்னவென்று சொல்வது. வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்கும் வரை அவருக்குச் சோறு இறங்காது.

பங்குனியில் ஒருநாள் காலையில் அடுத்த தெரு வாத்தியார் சத்தியமூர்த்தி, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வாசலுக்கு வந்துவிட்டார். கூட அவர் மகள் நிவேதா. வாயும் வயிறுமான பிள்ளை, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கருத்தையா அன்றைக்குக் கன்னம் வைத்துப் பார்த்திருக்கவில்லை. ஆட்கள் நிற்கும்போது எப்படி வைப்பது?

"வண்டி நல்லாருக்காண்ணே? பிள்ளைய வச்சுக்கிட்டுப் போறோம்" என்றார் வாத்தியார்.

"பாக்காம எடுக்க மாட்டோம் வாத்தியாரய்யா" என்று சொல்லிக்கொண்டே கருத்தையா முன் சக்கரத்தருகே குந்தினார். கையை உள்ளோரம் வரை விட்டு அழுத்தித் தடவினார். பஞ்சு மூட்டைக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கார் கதவைப் பிடித்தபடி நிவேதா மூச்சு வாங்குவது அவருக்குக் கேட்டது.

"நல்லாருக்கு. போயிட்டு வாத்தா."

சாவி திருகும் சத்தம் வரவில்லை.

"என்னத்தா, கெளம்பலயா?"

"கையக் காட்டுங்கப்பா" என்றாள் சண்முகப்ரியா. நீட்டினார். அவள் மணிக்கட்டைப் பிடித்தது மட்டும் தெரிந்தது. "வலிக்கலயாப்பா?"

"என்னது வலிக்க?"

வாத்தியார்தான் தயங்கிச் சொன்னார். "அண்ணே, கையெல்லாம் ரத்தமா இருக்குண்ணே."

உள்ளோரத்தில் ரப்பர் முழுக்கத் தேய்ந்து, டயருக்குள் இருக்கிற கம்பி முள்ளு முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது கிழித்த கைதான், நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்தது.

வேறு வண்டிக்குப் போன் போட்டு அவர்களை அனுப்பினாள். அப்பாவை உட்காரவைத்து, கையைக் கழுவித் துணி சுற்றினாள்.

"எப்பலருந்துப்பா?"

"மாசியிலருந்து."

"நீங்க பாத்துருக்கீகன்னு நம்பித்தானப்பா இம்புட்டு நாளும் ஓட்டுனேன்" என்றாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு காலையில் அவளே வந்து எழுப்பினாள். "டயரப் பாத்துச் சொல்லுங்கப்பா, கெளம்பணும்." கருத்தையாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அவசரமாக வாசலுக்கு வந்து குந்தினார். குந்தியதுமே புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. எல்லாச் சக்கரத்திலும் அதே வாடை. மாற்றியதைப் பற்றி அவள் மூச்சுக்கூட விடவில்லை.

இருந்தாலும் கையை வைத்தார். அவள் பக்கத்தில் பொறுமையாக நின்றாள்.

"எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். சொப்புச் சாமானில் சோறாக்கித் தரும் குழந்தையிடம் கேட்கிற குரல் அது.

"புது டயருத்தா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாளையிலருந்து என்னைய எழுப்ப வேணாம். நீயே பாத்துக்க" என்றார்.

அப்படியெல்லாம் சொல்லாதீகப்பா என்று அவள் தடுப்பாள் என்று அங்கேயே குந்தியிருந்தார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிப் போயிற்று.