ஜப்பான் நடவு

ஜப்பான் நடவு என்று யாராவது சொன்னால், கூலிக்கு நடவு நட வரும் அந்த அம்மா நாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறிவிடுவார். வயலின் குறுக்கே கயிறு கட்டி வரிசை பிசகாமல் நடும் முறைக்கு எங்கள் பக்கத்தில் அப்போது அதுதான் பெயர். விவசாய ஆபீசர் ஜீப்பில் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. கூலிச் சண்டையில் ஊருக்கு ஊர் செங்கொடி ஏறியிருந்த நேரம். "கொடி புடிக்கிற திமிரு" என்றார் மிராசுதார். "மலாயாவுக்குப் போய் மூளை கலங்கி வந்தவ" என்றார்கள் மற்றவர்கள். அந்தப் பருவம் அவரை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை.

நானும் ஊரோடு சேர்ந்து சிரித்தவள்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் நான் சரித்திர டீச்சர். பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப் போர் நடத்திக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் ஆசியாவுக்கு ஒரே ஒரு பத்தி. கப்பல், குண்டு, சரணாகதி, முடிந்தது கதை. கடைசி பெஞ்சிலிருந்து அந்த அம்மாவின் மகள் எழுந்தாள். "டீச்சர், சயாம் காட்டுல ரயில் பாதை போட ஜப்பான்காரன் எங்கம்மாவைப் புடிச்சிக்கிட்டுப் போனான். அது புஸ்தகத்துல இல்லியே?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் உட்காரவில்லை.

அன்று சாயங்காலமே அவர்கள் தெருவுக்குப் போனேன். வகுப்பில் வந்து பேச முடியுமா என்று கேட்டேன்.

"வர்றேன் டீச்சர். இருவது வருஷமாச் சொல்றேன், ஒருத்தரும் நம்பல. அந்தப் புள்ளைங்களாவது நம்புனாப் போதும். ஆனா என்னை நிக்க வெச்சுப் பேசச் சொல்லாதீங்க. அங்க நிக்க வெச்சே கொன்னானுவ."

தலைமையாசிரியர் பதறிவிட்டார். "வராந்தாவுல நின்னு ஜன்னல் வழியாப் பேசட்டுமே டீச்சர்? நம்ம தாளாளர் யாருன்னு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்த மிராசுதார்தான் தாளாளர். அவர் மகன் என் வகுப்பில் முதல் பெஞ்சு.

"நாற்காலியில உக்காந்துதான் பேசுவாங்க சார்."

"உங்க வேலைக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

"நான் உங்களைக் கேக்கலையே!"

மறுநாள் வகுப்பில் என் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டேன். அந்த அம்மா விளிம்பில் உட்கார்ந்தார். பேசப் பேச முதுகைச் சாய்த்துக்கொண்டார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களை லாரியில் அள்ளிப் போட்டது, விடியுமுன் கயிறு கட்டி அதன் ஓரமாக வரிசையில் நிறுத்தியது, கயிற்றைத் தாண்டிய காலை மூங்கிலால் அடித்து உடைத்தது, புழு மிதந்த கஞ்சி. சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நாற்றை ஏன் கீழே போட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

முதல் பெஞ்சிலிருந்து மிராசுதார் மகன் கேட்டான்: "நீ ஏன் தப்பிச்சு ஓடி வரல?"

கெட்ட பையன் இல்லை. வீட்டில் நடவாட்களை அப்படிக் கூப்பிட்டே வளர்ந்தவன்.

"நீங்கன்னு கேளுங்க தம்பி, சொல்றேன்" என்றார் அந்த அம்மா. ஊர் வழக்கப்படி 'சின்னய்யா' என்று அழைக்க வேண்டியவனைத் தம்பி என்றார். நான் குறுக்கே போகவில்லை. பையனுக்குக் காது சிவந்துவிட்டது.

"நீங்க... ஏன் ஓடி வரல?"

"எம் மொதப் புருஷனுக்குக் காலரா, தம்பி. சீக்காளிங்க கெடந்த கொட்டாய அப்படியே கொளுத்துனானுவ. உள்ள அவரு உசுரோட கெடந்தாரு. 'ஏ புள்ள'ன்னு கூப்பிட்டாரு. கயித்துக்கு இந்தாண்ட நிறுத்தி வெச்சிருந்தானுவ என்னை. சத்தம் அடங்குற வரைக்கும் நின்னேன். அவரை விட்டுட்டு எங்க ஓடச் சொல்றீங்க?"

மறுநாள் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எம் பையனை ஒரு நடவுக்காரிய நீங்கன்னு சொல்ல வெச்சிருக்கீங்க. அவ சொன்னதெல்லாம் புளுகுன்னு வகுப்புல சொல்லிடுங்க. வேலை நிலைக்கும்."

நேரே வகுப்புக்குப் போனேன். சாட்சிக்குத் தலைமையாசிரியர் வாசலில் நின்றார்.

"நேத்து இங்க உக்காந்து அவங்க சொன்னது அத்தனையும் உண்மை. எழுதிக்குங்க" என்றேன்.

மிராசுதார் மகன் எழுந்தான். "டீச்சர், 'எரித்தனர்'னு எழுதவா, 'கொளுத்துனானுவ'ன்னு எழுதவா?"

"அவங்க சொன்னபடியே எழுது."

சாயங்காலத்துக்குள் என் சீட்டு கிழிந்தது. கிழியட்டுமே! உயிரோடு எரிந்த ஒரு மனிதனைப் புளுகு என்று சொல்லிவிட்டுத் தின்னும் சோறு என் தொண்டையில் இறங்காது.