கொலைக்குச் சிரித்த ஜனம்

படம் தேறுமா தேறாதா என்று எங்கள் தியேட்டரில் முதலில் சொல்கிறவன் படம் ஓட்டுகிற ஆபரேட்டர்தான், அதாவது நான். வெள்ளிக்கிழமை முதல் ஷோ முடிந்ததும் விநியோகஸ்தர் ஆபீசிலிருந்து எனக்குப் போன் வரும். "ரிப்போர்ட் என்னங்க?" என்பார்கள். எங்கே சிரித்தார்கள், எந்தப் பாட்டுக்கு எழுந்து வெளியே போனார்கள் என்று சொல்வேன். வாளையாரைத் தாண்டிப் பாலக்காடு போகிற வழியில் இருக்கும் சின்னத் தியேட்டர் இது. தமிழ்ப் படம்தான் அதிகம். ரீல் போய், படத்தை ஏற்றி ஓட்டுகிற கம்ப்யூட்டர் சர்வர் வந்த பிறகும் அந்தப் போன் எனக்குத்தான் வந்தது. சம்பளத்தில் இல்லாத ஒரு மரியாதை அதில் இருந்தது. அது எப்படிக் கைமாறியது என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் ஷோ

ஒரு காமெடி திரில்லர் வந்தது. லேசான கதை. ஆனால் ஆள் பொருத்தம் சுத்தமாக இல்லை. வாழ்நாள் முழுக்க சண்டை போட்ட ஹீரோவைப் பயந்தாங்கொள்ளி கிளார்க்காக்கி ஜோக் அடிக்க விட்டிருந்தார்கள். கூட நடித்த பெண் அவருக்கு மகள் மாதிரி இருந்தது. கொலைகாரனாக வந்தவரோ நம் எல்லோருக்கும் தெரிந்த காமெடியன். நெட்டில் விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒருவர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை.

முதலாளி புரொஜக்டர் பூத்துக்கே ஏறி வந்துவிட்டார். "ஏப்பா ஆறுமுகம், கிழிச்சுத் தொங்க விட்டுருக்கானுக. ஞாயித்துக்கெழமைக்கு வேற படம் தர்றேங்கறாங்க. மாத்திப் போட்டர்லாமா?"

"பொறுங்க மொதலாளி. ரெண்டாவது பாதில ஜனம் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குதுங்க. காமெடி எடுபட்டிருச்சு. தைரியமா ஓட்டலாமுங்க."

என் பேச்சை நம்பி அவர் அந்த வேறு படத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கேன்டீன் வீடியோ

மறுநாள் காலை சாமி கும்பிட்டு எழுந்தால், என் வீட்டுக்காரி போனை நீட்டுகிறாள். உள்ளே எங்கள் கேன்டீன் மணி. டீயும் பப்ஸும் விற்கிறவன். தட்டோடு நின்று பேசுகிறான்.

"மக்களே, காமெடிக்கு ஒருத்தன் சிரிக்கல. ஆனா நம்ம காமெடியன் கத்திய எடுத்துட்டுக் கொல பண்ண வர்றாப்ல பாருங்க, அங்க சிரிச்சு என் கைல இருந்த டீ பூராம் கொட்டிப் போச்சு. கதை கிதைன்னு எதிர்பாக்காதீங்க. இந்தக் கூத்தப் பாக்க வாங்க. பப்ஸ் சூடா இருக்கு."

ஊரே பார்த்திருக்கிறது. "என்னமாப் பேசறான் பாருங்க. நீங்களுந்தான் அதே தியேட்டர்ல இருக்கறீங்க" என்றாள். இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தியேட்டரில் முதலாளி கொதித்துக்கொண்டிருந்தார். "நீ காமெடிக்குச் சிரிக்கறாங்கன்னே. இவன் கொலைக்குச் சிரிக்கறாங்கங்கறான். நம்ம தியேட்டர்ல நின்னுட்டே நம்ம படத்தக் கேலி பண்ணியிருக்கான். நாளைக்கு ஆளில்லாமக் கெடந்தா அவன் கேன்டீனக் காலி பண்ண வேண்டியதுதான்."

பூத்தில் முருகன் படம் வைத்திருக்கிறேன். உண்மை விளங்கட்டும் அப்பனே என்று கும்பிட்டேன். உண்மை என்றால் என் பக்கத்து உண்மை என்று அவனுக்குத் தெரியாதா?

மேட்னியில் பூத் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். ஹீரோ ஜோக் அடிக்கிறார், ஹால் கிணறு மாதிரிக் கிடக்கிறது. காமெடியன் கத்தியோடு கதவைத் திறந்தார். கூரை அதிர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று முதல் ஷோவில் நான் சர்வரில் அடுத்த ஷோவை ஏற்றிக்கொண்டிருந்தேன். மெஷின் இரைச்சலுக்கு நடுவே சிரிப்புச் சத்தம் கேட்டது. காமெடிப் படத்தில் சிரிப்பு வந்தால் காமெடிக்குத்தானே என்று எடுத்துக்கொண்டேன். திரையைப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் பையன்கள் பைக்கில் வந்தார்கள். குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறங்கினார்கள். டிக்கெட் வாங்கும்போதே "அந்தக் கத்தி சீன் எப்பங்க வரும்?" என்று கேட்டார்கள். ஹவுஸ்புல் போர்டைத் தூசி தட்டி எடுத்து வைத்தோம். முதலாளி மணியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார்.

மனசு பொறுக்காமல் பக்கத்தில் போனேன். "படத்த மாத்தாதீங்கன்னு சொன்னது நானுங்க மொதலாளி."

"ஓட்டச் சொன்னது நீதான், இல்லேங்கல. ஓட வெச்சது அவனாக்கும்."

மணி சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு டீ நீட்டினான். காசு வாங்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. அவனைக் குறை சொல்லவாவது அவன் ஒரு வழி விடக்கூடாதா.

போன்

அடுத்த வெள்ளிக்கிழமை புதுப்படம். முதல் ஷோ முடிந்தது. போனை சர்வர் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடிக்கவில்லை. சிக்னல் இல்லையோ என்று படி இறங்கி வந்தேன். கேன்டீனில் மணி எண்ணெய்க் கையோடு போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க சார், மொதப் பாதி நல்லாப் போகுதுங்க. ஒரு நிமிசம் சார்." என்னைப் பார்த்து, "ஏனுங்ணா, ரெண்டாவது பாட்டுக்கு ஆளுக எந்திரிச்சுப் போனாங்களா? நான் வடை போட்டுட்டு இருந்தனுங்" என்றான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பாட்டை நான் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்திருந்தேன். "லேடீஸ் யாரும் எந்திரிக்கல. பசங்க பாதிப் பேரு போனாங்க" என்றேன். அவன் அதை அப்படியே போனில் ஒப்பித்தான். "சூப்பர் ரிப்போர்ட் மணி" என்று விநியோகஸ்தர் ஆபீஸ்காரர் அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது.

தம்பிகளே, பூத்தில் இருக்கிறவனுக்குச் சத்தம்தான் கேட்கும். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்பது கீழே இருட்டில் உட்கார்ந்தால்தான் தெரியும். ஷோவை ஏற்றி ஓட விட்ட பிறகு மெஷினுக்கு நீங்கள் வேண்டியதில்லை, கீழே இறங்குங்கள். நான் இப்போது முதல் ஷோவுக்குக் கடைசி வரிசையில் போய் உட்காருகிறேன். போன் இன்னும் அவனுக்குத்தான் வருகிறது. பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. முருகன் எடுக்கிறபோது எடுக்கட்டும்.