சோடா வேண்டாம் என்ற நாள்

மனிதர்களின் குரலை நம்பாமலே பிழைப்பு நடத்தியவள் நான். சேரன்மகாதேவி டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் இன்னும் வெளியூருக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் ஜனங்கள் இருந்தார்கள். "நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிருங்கம்மா" என்று என்னிடமே சொல்லிவிட்டு, அடுத்த அழைப்பில் வேறொருவரிடம் தேனொழுகப் பேசுகிறவர்களைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியும் என்கிற திமிர் இருந்தது. அப்படிப்பட்டவளை நாலு வருஷம் பொய்க்காரியாக ஆக்கி வைத்திருந்தது என் சொந்த நெஞ்சு.

முதல் தடவை அது வந்தபோது காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன். நெஞ்சுக்குள் யாரோ நம்பர் தெரியாமல் டயலைச் சுற்றுவதுபோல் இருந்தது. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, ஒன்று விட்டுப்போய், மறுபடியும் நாலைந்து சேர்ந்தாற்போல். கை வேர்த்து, மூச்சு மேலேயே நின்றுகொண்டது. கூட வேலை பார்த்தவள் பயந்துபோய், என் கையைப் பிடித்துக்கொண்டு எதிரில் இருந்த சோடாக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடை அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்ததும் கேள்வியே கேட்கவில்லை. இஞ்சி சோடாவை உடைத்து நீட்டினார்.

"வாயும்மா, வேற ஒண்ணுமில்ல. ஏப்பம் வந்துட்டா சரியாப் போவும்."

இரண்டு ஏப்பம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சும் ஒழுங்குக்கு வந்தது. சோடாவால் நின்றதா, தானாக நின்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றோடு எனக்கு வந்தது வாயு என்று ஊர் தீர்மானித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யாருக்கு மயக்கம் வந்தாலும், மார் அடைத்தாலும், முதலில் சோடா. சோடாவுக்கு அடங்கினால் அது வாயு. அதற்கு மேல் விசாரணை கிடையாது.

தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், அடுத்த தடவை அது வந்தபோது என்னைப் பாளையங்கோட்டைக்கு, இருதய டாக்டரிடம் கூட்டிப்போனார். பஸ் ஏறுமுன் சோடா, போய் இறங்கியதும் சோடா. டாக்டரின் ஈ.சி.ஜி. காகிதத்தில் கோடுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நின்றன. "ஒண்ணுமில்லம்மா, கேஸ் டிரபிள்" என்றார் டாக்டர். இப்படி ஒன்றல்ல, ஐந்து தடவை. ஐந்தாம் தடவை என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் உள்ளே பேசினார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. "கொஞ்சம் பயந்த சுபாவம் டாக்டர். ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, லீவு வேணும்னா இப்படி வந்துருது" என்று என் கணவரின் குரல் கேட்டது. வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அன்று எழுதித் தந்த புது மாத்திரையை, அவருக்குத் தெரியாமல் வேறொரு மருந்துக்கடையில் காட்டிக் கேட்டேன். தூக்கத்துக்கும் நரம்புக்கும் கொடுப்பது என்றார்கள். அதற்கப்புறம் யாரையும் நம்பவில்லை. அவர் கொண்டுவந்து தரும் மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்து துளசிச் செடிக்குள் துப்பினேன். என் தங்கையோடு அவர் போனில் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். இதில் மோசம் என்னவென்றால் என்னையே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நிஜமாகவே லீவுக்காகத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறதோ? ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி மேஜைக்கு அடியில் நாடியைப் பிடித்து எண்ணுவேன். நூற்று முப்பது வரும், நூற்று ஐம்பது வரும், பாதியில் எண்ணிக்கை தப்பிவிடும். அதையும் நான் வேண்டுமென்றே தப்பவிட்டேனோ என்று நினைப்பேன்.

எனக்கு வழி காட்டியது எங்கள் லைன்மேன். அதுகூட அவருக்குத் தெரியாது. பத்தமடையில் ஒரு கோரைப்பாய்க் கடைக்காரர் லைன் அடிக்கடி செத்துப்போகிறது என்று புகார் மேல் புகார் கொடுத்தார். இவர் போகும்போதெல்லாம் லைன் நன்றாக இருக்கும். புகார்ச் சீட்டில் 'பார்த்தோம், சரியாக இருந்தது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். ஒருநாள் எரிச்சலோடு வந்து உட்கார்ந்தார்.

"கடைக்காரரு பொய் சொல்லலக்கா. நாமதான் கெடுக்கோம். புகார் வந்ததும் இங்கன இருந்து மணி அடிச்சுப் பாக்கீங்கல்லா, அந்தக் கரண்டு ஓடுனதும் துருப்பிடிச்ச ஜாயிண்டு ஒட்டிக்கிடுது. அப்புறம் நான் போய்ப் பாத்தா என்ன தெரியும்? விட்டு விட்டு வார கோளாறை, கோளாறு இருக்கையிலேயே பிடிக்கணும். அதுவரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது."

அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஐந்து தடவையும் டாக்டர் வாசலை மிதிப்பதற்கு முன்னால் என்னைத் தொட்டுக் கெடுத்தது அந்தச் சோடாதான் என்று எனக்குப் பட்டது.

அடுத்தது வர இரண்டு மாதம் ஆயிற்று. காலை பத்து மணி இருக்கும், எக்சேஞ்சில் இருந்தேன். நெஞ்சுக்குள் அந்த டயல் சுற்ற ஆரம்பித்ததும் பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? கணவருக்கு ஆள் போய், அவர் வந்தார். வந்த கையோடு சோடாக்கடைக்குப் போய் உடைத்த பாட்டிலோடு திரும்பினார்.

"வேண்டாம்" என்றேன்.

"குடி. குடிச்சா சரியாப் போவும்."

"அதனாலதான் வேண்டாங்கேன். பாளையங்கோட்டைக்குப் போவோம்."

அவர் முகம் மாறியது. "ஏளா, சரியாப் போவும்னு தெரிஞ்சே குடிக்க மாட்டேங்க. இது என்ன நாடகம்?"

நான் நடந்துபோய் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அவர் பாட்டிலைக் கடையில் கொடுத்துவிட்டு ஓடிவந்து ஏறினார். மேலச்செவல் தாண்டும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முன் சீட்டில் இருந்த மேலப்பாளையத்து அம்மா, மடியில் பீடி இலைக் கட்டு வைத்திருந்தவர், திரும்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "ஒரு மொடக்குக் குடிச்சுக்கம்மா, மொகமெல்லாம் வெளுத்துப்போச்சே." சோடாவைப்போல் தண்ணீரும் நெஞ்சைச் சரியாக்கிவிட்டால்? கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன். அவர் என் கணவரை ஒரு பார்வை பார்த்தார். இவர்தான் குடிக்க விடாமல் தடுக்கிறார் என்று அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும். அந்த நிலையிலும் எனக்கு அது திருப்தியாக இருந்தது. நான் செய்தது முட்டாள்தனம். அப்படி நாக்கு வறண்டு கிடந்ததில் உயிரே போயிருக்கலாம் என்று பின்னால்தான் தெரிந்தது. யாரும் செய்யாதீர்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு உயிரைவிட அந்தக் காகிதம் பெரிதாக இருந்தது.

மேலப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனால், டாக்டர் வீட்டில் கரண்ட் இல்லை. ஈ.சி.ஜி. எடுக்கும் பையன் விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்போது வரும் என்று கேட்டதற்கு மேலே கையைக் காட்டினான். பெஞ்சில் உட்கார்ந்து சேலைத் தலைப்புக்குள் நாடியைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு சரியாகிவிடக் கூடாதே என்று எந்தச் சாமியிடம் வேண்டிக்கொள்வது? நாலு அடி ஒழுங்காக விழுந்தால் விரலை இன்னும் அழுத்தினேன். மறுபடி தாறுமாறாக ஓடினால் மூச்சு வந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே போய் டாக்டரிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிற முகத்தோடு இருந்தார். அவர் முதலில் உள்ளே போய்விடாதபடி கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

இந்த முறை கோடுகள் வரிசையில் நிற்கவில்லை. டாக்டர் காகிதத்தை நீளமாக இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

"இருதயத்தோட மேல் அறை ரெண்டும் துடிக்காம நடுங்குதும்மா. ரத்தம் அங்க தேங்கிக் கட்டியாயி மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துரும். எத்தன நாளா இருக்கு?"

"நாலு வருஷமா டாக்டர். இதோட ஆறாவது தடவை உங்ககிட்ட வாரேன்."

பிற்பாதியை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. என் கணவர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், முன்னாடியே கவனிச்சிருக்கலாமே?"

"இவ இவ்வளவுன்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே டாக்டர்" என்றார் என் கணவர்.

இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் இரண்டு பேருமே குற்றமில்லாதவர்கள் ஆகிவிட்டார்கள். எனக்குப் பொங்கிக்கொண்டு அழுகை வந்தது.

"பயப்படாதீங்கம்மா, மாத்திரை இருக்கு" என்றார் டாக்டர்.

"பயம் இல்ல டாக்டர். கோவம்."

நாலு வருஷத்தில் என் கணவர் ஒரு தடவைகூட என் நாடியைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடது கையை அவர் மடியில் வைத்தேன். "பிடிச்சுப் பாருங்க" என்றேன். எந்த இடத்தில் விரல் வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் அவர் விரலை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் தேடினார். பிறகு விரல் அப்படியே நின்றது.

"என்ன இது, இப்படி ஓடுது" என்றார். சத்தமே வரவில்லை அவருக்கு.

"இப்படித்தான்" என்றேன். கையை அவர் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வந்த பயம் எனக்காகவா, டாக்டர் முன்னால் தலைகுனிந்ததற்காகவா என்று மட்டும் அவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.